காட்டோரத்தில் ஆள் காணாமற்போனால்...

காட்டை ஒட்டிய ஊர்களில் மாடு மேய்க்கவோ விறகு பொறுக்கவோ சென்றவர் பொழுது சாய்ந்தும் வீடு திரும்பாவிட்டால், 'புலி அடித்திருக்கும்' என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. சில சமயம் அது உண்மையே. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு மனம் தளர்ந்து, தேட வேண்டிய இடத்தில் தேடாமல் விட்டுவிடுவதும் உண்டு. கால் ஒடிந்து பள்ளத்தில் கிடப்பவரும், பாம்பு கடித்து மயங்கியவரும், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்தவரும் அன்றிரவே கண்டெடுக்கப்பட்டால் பிழைக்க வாய்ப்பு உள்ளவர்கள். ஆகவே எந்த விலங்கு என்ன செய்யும் என்பதை உழவர்கள் அறிந்திருத்தல் நல்லது.

எல்லா விலங்கும் ஆளை இழுத்துச் செல்வதில்லை. யானை மிதித்தோ தூக்கி எறிந்தோ கொல்லும், தின்னாது. காட்டெருமை கொம்பால் முட்டிவிட்டு ஓடிவிடும். கரடி தலையையும் முகத்தையும் கிழிக்கும், அதோடு விலகிவிடும். இம்மூன்றில் ஒன்று காரணமானால் ஆளோ உடலோ பெரும்பாலும் தாக்கிய இடத்திற்கு அருகிலேயே கிடைக்கும். காயம்பட்டவர் தண்ணீரைத் தேடிச் சிறிது தூரம் தவழ்ந்து சென்றிருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆளையே மறைக்கக்கூடியவை புலி, சிறுத்தை, முதலை ஆகியவை. புலி கழுத்தைக் கவ்விக் கொன்றபின் உடலைப் புதருக்குள் இழுத்துச் சென்று தின்னும். மிச்சத்தைத் தின்ன மீண்டும் வரும். சிறுத்தை பெரியவர்களைவிடக் குழந்தைகளையே அதிகம் குறிவைக்கிறது. 2025 ஜூன் மாதம் வால்பாறைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் குடியிருப்பின் அருகிலிருந்து ஒரு சிறுமியைச் சிறுத்தை இழுத்துச் சென்றது. மறுநாள் நடந்த தேடுதலில்தான் உடல் கிடைத்தது. அமராவதி, சாத்தனூர் அணைப் பகுதிகளிலும் கொள்ளிடத்திலும் முதலைகள் உள்ளன. கரையில் உடையோ மண்வெட்டியோ கிடந்து ஆள் இல்லையென்றால் தண்ணீரிலும் தேட வேண்டும்.

புலியோ சிறுத்தையோ இழுத்துச் சென்றிருந்தால் தடயம் இருந்தே தீரும். இரத்தம், இழுபட்ட கோடு, மடங்கிய புல், முள்ளில் சிக்கிய துணி, ஒற்றைச் செருப்பு ஆகியவற்றைப் பார்க்கலாம். ஈர மண்ணில் அடிச்சுவடு பதிந்திருக்கும். புலி, சிறுத்தையின் சுவட்டில் நகக்குறி பொதுவாகப் பதிவதில்லை. நாய், நரி, கழுதைப்புலியின் சுவட்டில் பதியும். சிறுத்தையின் சுவடு பெரும்பாலும் 10 செ.மீ. அகலத்திற்குள் அடங்கும். வளர்ந்த புலியின் சுவடு அதற்கு மேல் இருக்கும். சுவட்டைக் கண்டால் வனத்துறையினர் வரும்வரை அதன்மேல் ஒரு கூடையையோ சட்டியையோ கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு மழை பெய்தாலும், நூறு பேர் நடந்தாலும் எல்லாம் அழிந்துவிடும். வேடிக்கை பார்க்க வரும் கூட்டமே தடயத்திற்கு முதல் எதிரி.

உடலில் பல் தடம் இருப்பதால் மட்டும் விலங்கு கொன்றது என்று ஆகிவிடாது. வேறு காரணத்தால் இறந்தவரின் உடலையும் நரி, நாய், காட்டுப்பன்றி, உடும்பு ஆகியவை தின்னும். உயிரோடு இருக்கும்போது பட்ட கடியானால் தோலுக்கடியில் இரத்தம் கட்டியிருக்கும். இறந்தபின் கடித்ததில் அது இராது. இறந்து கிடக்கும் மாட்டைப் பார்க்கும் கால்நடை மருத்துவரும் கழுத்துத் தோலை உரித்து இதைத்தான் பார்க்கிறார். எனவே பிரேதப் பரிசோதனை முடியாமல் உடலை அடக்கம் செய்வது தவறு.

விலங்கின் பெயரால் மனிதன் வைக்கும் பொறியும் ஆளைக் காணாமல் ஆக்குகிறது. 2023 செப்டம்பரில் பாலக்காடு அருகே இரண்டு இளைஞர்களைக் காணவில்லை. காட்டுப்பன்றிக்காக வயலில் இழுத்திருந்த மின்கம்பியில் பட்டு அவர்கள் இறந்ததும், நிலத்துக்காரர் அச்சத்தில் உடல்களை வயலிலேயே புதைத்ததும் பின்னர் தெரிய வந்தது. மின்கம்பத்திலிருந்தோ மோட்டார் அறையிலிருந்தோ நேராக மின்சாரம் எடுத்து வேலியில் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். பன்றிக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் அந்தக் கம்பி வேற்றுமை பார்ப்பதில்லை. முறையான சூரியசக்தி வேலியில் கருவி விட்டுவிட்டுச் சிறு அதிர்ச்சியைத் தரும்; உயிரை வாங்காது.

ஆளைக் காணவில்லை என்றால் மறுநாள்வரை காத்திராமல் காவல் நிலையத்திற்கும் வனச்சரக அலுவலகத்திற்கும் உடனே தெரிவிக்க வேண்டும். கடைசியாக யார், எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், அவர் என்ன உடுத்தியிருந்தார், மாடுகள் எந்தத் திசையிலிருந்து மிரண்டு வந்தன என்பனவற்றைச் சொல்ல வேண்டும். கிணறு, ஓடை, பள்ளம் ஆகியவற்றை ஊரார் உடனே தேடலாம். புதருக்குள் மட்டும் வனத்துறையினருடன் கூட்டமாகவே போக வேண்டும்; இரையின் அருகில் புலி படுத்திருக்கக்கூடும்.

நிவாரணத் தொகையும் இதைப் பொறுத்தே அமைகிறது. வங்கத்துச் சுந்தரவனத்தில் தேன் எடுக்கவும் நண்டு பிடிக்கவும் போய்ப் புலிக்கு இரையானவர்களில் சிலரது உடல் கிடைப்பதே இல்லை. சான்று இல்லாமல் அவர்களது மனைவியர் நிவாரணத்திற்கு ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் எத்தகவலும் இல்லையெனில் இறந்தவராகக் கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் எப்படி இறந்தார் என்பதை அது சொல்லாது. முதல் நாளே எழுதி வாங்கிய புகார் ரசீதும், அதிகாரிகள் முன்னிலையில் எடுத்த துணி, எலும்பு ஆகியவையும், எலும்பில் செய்யும் மரபணுச் சோதனையுமே அந்தக் குடும்பத்திற்குக் கைகொடுக்கும். கிடைத்த துணியை வீட்டிற்கு எடுத்துச் சென்று துவைத்து வைத்துவிடக் கூடாது.