சமிபாட்டுப் பிணிகளைக் கற்குமாறு

வயிற்றுநோய் என்று நாம் பொதுப்படக் கூறுவது ஒரு நோயன்று, பல. வாய் முதலாக மலவாய் ஈறாக நீண்டு கிடக்கும் உணவுக்கால்வாயும், அதற்குத் துணைநிற்கும் ஈரல், பித்தப்பை, சதையி என்பனவும் சேர்ந்ததே சமிபாட்டுத்தொகுதி. இத்தொகுதியில் எவ்விடத்துக் குறை நேரினும் மக்கள் "வயிறு சரியில்லை" என்றே உரைப்பர். அச்சொல்லின் பின்னே மறைந்துள்ள நோயைப் பிரித்தறிதலே தாதியர்க்கும் மருத்துவ மாணவர்க்கும் பரீட்சை. பின்னர் அதுவே அவர்தம் வாழ்நாட் பணி.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். கிராண்ட்பாஸிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழிற் கற்று வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று தாதியர் பயிற்சிக்கும் மருத்துவக் கல்விக்கும் செல்கின்றனர். ஆங்கிலச் சொற்களின் பட்டியலை இரவெல்லாம் உருப்போட்டு, பொருள் விளங்காமல் எம்மிடம் வருவோரும் உளர். நோய்களை யாம் அறிவிக்கவல்லேம் அல்லேம். கற்கும் முறையைப் பற்றிச் சில கூறவல்லேம்.

இத்துறையில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்க மிஷனைச் சார்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், தம் மாணவர் நாட்டு மக்களிடையே வாழ்ந்து பணிசெய்தல் வேண்டும் எனக் கருதி, பின்னர்த் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60க்கு மேற்பட்டோர். கொழும்பில் 1870ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவப் பள்ளியோ ஆங்கிலத்தையே கைக்கொண்டது. நூல்களின் பெயர்களை நோக்குக: அங்காதிபாதம் உறுப்பின் அமைப்பைக் கூறும், சுகரணம் அதன் தொழிலைக் கூறும். அமைப்பு, தொழில், தொழிலின் கேடு, கேட்டின் குறி, குறிக்கேற்ற பணிவிடை என்னும் இவ்வைந்தையும் இவ்வரிசையிற் கற்பானுக்கு உருப்போடும் வேலை பெரிதும் குறையும்.

தொழிலைக் கண்டறிந்த வரலாறே சுவையானது. கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டில், வட அமெரிக்காவில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்னும் தொழிலாளியின் வயிற்றிலே துப்பாக்கிச் சூடு பட்டது. புண் ஆறியும் இரைப்பையிற் புகும் துளை மூடவில்லை. வில்லியம் போமன்ட் என்னும் படைவைத்தியர் உணவுத் துண்டுகளை நூலிற் கட்டி அத்துளை வழியே விட்டு, அவை கரையும் வகையைக் கண்டு, 1833இல் நூலாக வெளியிட்டார். இரைப்பை உணவை அரைப்பது மட்டுமன்று, அமிலநீராற் கரைக்கவும் செய்கின்றது என்பது அதனால் தெளிவாயிற்று.

இனி வரிசைமுறை பயன்படுமாற்றைச் சில எடுத்துக்காட்டுகளாற் காண்போம்.

முதலாவது வயிற்றோட்டம். களனி கங்கை பெருகித் தாழ்ந்த தோட்டங்களில் நீர் புகுங்காலத்து நம் பகுதியார் அஞ்சும் நோய் இது. வாந்திபேதிக் கிருமியின் நஞ்சு சிறுகுடலின் சுவரைத் தூண்டி, நீரையும் உப்பையும் குடலுள்ளே கொட்டச் செய்கின்றது. நீர் போனமையால் இரத்தத்தின் அளவு குறையும், அதனால் நாடி விரைந்தும் மெலிந்தும் ஓடும், சிறுநீர் சுருங்கும், கண் குழியும், கிள்ளிய தோல் மெல்லவே மீளும். காரணம் தெரிந்தவனுக்கு இக்குறிகள் தாமே வந்து நிற்கும். குளுக்கோசும் உப்பும் சேர்ந்தே குடற்சுவரினுட் புகும் வாயில், நஞ்சினால் அழிவதில்லை. ஆகவே ஒரு லீற்றர் தூய நீரில் சோடியங்குளோரைட்டு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியங்குளோரைட்டு 1.5 கிராம், முச்சோடியம் சித்திரேற்று 2.9 கிராம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்த கலவை, நீரைத் தன்னோடு உடலுக்குள் ஈர்த்துச் செல்கின்றது. வெறும் நீர் அவ்வாறு செய்யாது. 1971ஆம் ஆண்டு வங்கத்து அகதிகள் பொங்கான் எல்லையில் வாந்திபேதியால் மடிந்தபோது, வைத்தியர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலை உறவினர் கையாலேயே ஊட்டச் செய்தார். இறப்பு, நூற்றுக்கு 4இற்குக் கீழே இறங்கிற்று. பொதியைப் பாதி நீரிற் கரைத்தலும் இருமடங்கு நீரிற் கரைத்தலும் பிழை என்பதைத் தாதியே தாய்மார்க்கு விளக்குதல் வேண்டும்.

இரண்டாவது குடல்வளரி அழற்சி. வலி முதலிலே தொப்புளைச் சுற்றித் தோன்றிச் சில மணிநேரத்தில் வலப்பக்க அடிவயிற்றில் நிலைகொள்ளும். உள்ளுறுப்பின் நரம்பு இடத்தைச் செவ்வையாகச் சுட்டாது. அழற்சி வயிற்றறையின் உட்போர்வையைத் தொட்டபின்னரே இடம் தெளிவாகும். நம்மவர் இல்லங்களில் வயிற்றுவலி என்றதும் ஆமணக்கெண்ணெய் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இந்நோயிலே பேதிமருந்து குடலைக் கலக்கி, அழன்ற வளரியை வெடிக்கச் செய்யக்கூடும். கடுத்த வலி திடீரெனத் தணிந்தால் மகிழற்க. வெடித்தமையும் அதற்குக் காரணமாகலாம். தாதி உடனே வைத்தியர்க்கு அறிவித்தல் கடன்.

மூன்றாவது புண். இரைப்பைப் புண்ணில் உணவு உண்டபின் வலி மிகுதலும், முன்சிறுகுடற் புண்ணில் உண்டால் தணிந்து, வெறுவயிற்றிலும் நள்ளிரவிலும் மீளுதலும் பெரும்பான்மை. கவலையும் காரமுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1982இல் அவுஸ்திரேலிய வைத்தியர்களான பரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியை வளர்த்துக் காட்டினர். 1984இல் மார்ஷல் அதனைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். இருவர்க்கும் 2005இல் நோபெல் பரிசு கிடைத்தது. வலிதீர்க்கும் மாத்திரைகள் சிலவும் புண்ணை உண்டாக்கும் என்பதையும் மறத்தலாகாது. பழைய பதிப்பை வைத்துப் படிக்கும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்க.

நான்காவது மஞ்சட்காமாலை. பித்தம் குடலுக்கு வரும் வழி அடைபட்டால் மலம் வெளிறும்; குடலுக்குச் செல்லாத நிறம் இரத்தத்திற் சேர்ந்து சிறுநீரைக் கருக்கும். ஒரே காரணத்தின் இரு விளைவுகள் இவை. தனித்தனியே மனனம் செய்ய வேண்டுவதில்லை.

இவ்விடத்தே எம் துறைக்குரிய ஒன்றைக் கூறுதல் வேண்டும். பரீட்சைத் தாளில் "மெலீனா" என்று இருக்கும். நோயாளியோ "வெளிக்குக் கறுப்பாப் போகுது" என்பார். அஃது இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ இரத்தம் கசிவதன் குறியாகலாம். இரும்புச்சத்து மாத்திரை உண்பதனாலும் கறுக்கலாம். இரண்டையும் கேட்டறியாத தாதி, ஓர் உயிரின் செய்தியைக் கைவிட்டவளாவாள். யாழ்ப்பாணத்தவர் "சத்தி" என்பதை வேறிடத்தார் "வாந்தி" என்பர். ஒருவர் "செமியாக்குணம்" என்பார், மற்றொருவர் "வாய்வு" என்பார். "நெஞ்செரிவு" என்று வந்தவருக்கு மாரடைப்பே இருத்தலும் உண்டு. பல ஊர்த் தமிழும் ஒருங்கு வழங்கும் இந்நகரில் இச்சொற்களை அறியாதவர்க்கு ஆங்கிலச் சொற்களின் அறிவு பாதியே பயன்தரும். ஆதலின் ஒவ்வொரு நோய்க்கும் குறிப்பேட்டில் இரு நிரல்கள் வரைக: ஒன்றில் நூலின் சொல், மற்றொன்றில் நோயாளியின் சொல்.

இன்னும் ஒரு பயிற்சி. நோயின் பெயரிலிருந்து குறிகளை ஒப்பிப்பதோடு நில்லாது, குறியிலிருந்து நோயை நோக்கிச் செல்லப் பழகுக. "நாற்பது வயதினர், நள்ளிரவில் மேல்வயிற்று வலி, பால் பருகினால் தணியும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் காரணமும், கேட்கவேண்டிய வினாவும், முதற் பணிவிடையும் கூறுக. நோயாளி பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு வருவதில்லை. வினாத்தாளிலும் இத்தகைய வினாக்கள் உண்டு.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியராயும் தாதியராயும் விளங்குவோர் உளர். இவ்விழாவின் நினைவாக, அவர்கள் திங்களில் ஒரு மாலைப்பொழுதையேனும் கிராண்ட்பாஸ் பிள்ளைகளுக்கு அளித்து, ஈருமொழியிலும் இப்பாடத்தை விளக்குவாராயின், மானிப்பாயில் ஒருவர் தொடங்கிய பணி இந்நகரில் தொடரும். சொற்களைத் திருத்தித் தருதற்கு யாம் என்றும் உடன் நிற்போம்.