டபிள்யூ எங்கே போச்சு?



போன மாசம் இங்கிலீஷ் டிக்டேஷனில் எனக்கு 20-க்கு 19. போன அந்த ஒரு மார்க்கைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

"ஈரத் துணியைப் பிழி" என்று பொருள் வரும் வாக்கியத்தை டீச்சர் சொன்னாங்க. பிழிவதற்கு 'ரிங்' என்று காதில் விழுந்தது. ஆர், ஐ, என், ஜி என்று எழுதிட்டேன். அது மோதிரமாம். துணி பிழிகிற 'ரிங்'குக்கு முன்னால் ஒரு டபிள்யூ வேணுமாம். வாயில் வராத எழுத்தை எதுக்கு எழுதணும்? கோபத்தில் லைப்ரரிக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'வ்ரிங்கன்'. அப்போ அந்த வகரத்தை வாய்விட்டுச் சொன்னாங்க. பிறகு சத்தம் தேய்ஞ்சு போச்சு, எழுத்து மட்டும் நின்னுடுச்சு. டச்சுக்காரர்கள் இன்னைக்கும் வகரத்தோடுதான் சொல்றாங்க. முறுக்கித் திருகுவது என்பதுதான் பொருள். திரும்புகிற மணிக்கட்டு 'ரிஸ்ட்', பைப்பைத் திருகுகிற 'ரெஞ்ச்' எல்லாம் இதுக்குச் சொந்தக்காரச் சொற்கள். எல்லாத்துக்கும் முன்னால் டபிள்யூ உண்டு, கவனிச்சுப் பாருங்க.

தூக்கிவாரிப் போட்டது வேற ஒண்ணு. தப்பு என்பதற்குச் சொல்கிற 'ராங்' இருக்கே, அதுவும் இதே வேர்தான்! முதலில் 'கோணலானது' என்றுதான் அதுக்கு அர்த்தம். நாமும் 'கோணல் புத்தி' என்கிறோம். பொய் சொன்னால் 'கயிறு திரிக்கிறான்' என்கிறோம்.

தமிழில் முறுக்குவது வேற, பிழிவது வேற. சேலை துவைக்கிற அன்னைக்கு அம்மா ஒரு முனை, நான் ஒரு முனை பிடிச்சு முறுக்குவோம். பிழியறது தண்ணி வெளியே வர்றது. ஆங்கிலத்தில் ரெண்டுக்கும் சேர்த்து அந்த ஒரே சொல். எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் அது ஆகாது, வேற சொல் வேணும். சங்க இலக்கியத்தில் கள்ளுக்கே 'பிழி' என்று ஒரு பேர் உண்டு. அச்சில் பிழிகிற பலகாரத்துக்கு நாம எப்படி முறுக்குன்னு பேர் வெச்சோமோ! கைமுறுக்குதான் பேருக்கு ஏத்தது.

வீட்டில் அப்புச்சிகிட்ட இதைச் சொன்னேன். அவர் பீளமேட்டில் ஒரு மில்லில் 'ரிங் பிரேம்' சைடர். "அந்த ரிங்குக்கு டபிள்யூ உண்டுங்களா அப்புச்சி?" என்றேன். இல்லையாம். அது வட்ட வளையம். அந்த வளையத்து மேல 'டிராவலர்' என்று ஒரு குட்டிக் கம்பி ஓடும். அது ஒரு சுத்து சுத்தினால் நூலுக்கு ஒரு முறுக்கு. 40-ஆம் நம்பர் நூலில் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 25 முறுக்கு விழணும். ஆக, மோதிர ரிங்தான் முறுக்கற வேலையைச் செய்யுது!

அப்புச்சி தலையணைப் பஞ்சில் கொஞ்சம் பிச்சுக் கொடுத்து, "இழு கண்ணு" என்றார். இழுத்ததும் கையோடு வந்துடுச்சு. அதையே தொடையில் வெச்சுத் திரிச்சுக் கொடுத்தார். அறுக்க முடியலை, விரல்தான் வலிச்சது. முறுக்கினால் இழைகள் ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிக்குது. சயின்ஸில் படிக்கிற உராய்வுதான். முறுக்கு அதிகமானால் நூல் சுருண்டு சிக்கு விழுமாம்.

1888-ல் கோயம்புத்தூரில் முதல் பஞ்சாலை வந்துச்சு. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் மில்லுகள் வரிசையா எழும்புச்சு. 1956-ல் பீளமேட்டில் ஜவுளி ஆராய்ச்சிக்கே 'சிட்ரா' வந்துச்சு. அப்புறம் பல மில்லுகள் மூடிட்டாங்க. அப்புச்சியோடதும் அப்படித்தான்.

"கேட் பூட்டின அன்னைக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். "என்ன பண்றது, கையப் பிசைஞ்சுட்டு நின்னோம்" என்றார். அகராதியில் அந்தச் சொல்லுக்குக் கீழே இந்த அர்த்தமும் இருந்துச்சு. துக்கத்தில் கையைப் பிசைவதற்கும் அதே 'ரிங்', அதே டபிள்யூ. அவர்கிட்ட அதைச் சொல்லலை. திரிச்ச நூலை மட்டும் வாங்கி இங்கிலீஷ் நோட்டில் ஒட்டி வெச்சிருக்கேன்.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை. எழுதுவதற்கான 'ரைட்'டுக்கும் முன்னால் டபிள்யூ உண்டு, ஆனா அது இந்தக் குடும்பம் இல்லை. அதுக்கு ஆதியில் 'கீறுவது' என்று அர்த்தம், நம்ம எழுத்தாணி மாதிரி.

- 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி