பட்ஜெட் புராசஸரை ஓவர்கிளாக் செய்யலாமா? சூடாகாமல், ஹேங் ஆகாமல் வேகம் கூட்டுவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. கேம் திணறுகிறது, வீடியோ எடிட் செய்தால் எக்ஸ்போர்ட் முடிய அரை மணி நேரம். புது புராசஸர் வாங்க காசு இல்லை. இந்த நேரத்தில் யூடியூபில் ஒருவர் பயோஸுக்குள் போய் ரெண்டு எண்ணை மாற்றி, "செலவே இல்லாம ஸ்பீடு" என்கிறார். அதை அப்படியே வீட்டிலும் செய்து பார்க்கலாமா?

செய்யலாம். ஆனால் அந்த வீடியோவில் காட்டும் வழியில் வேண்டாம்.

ஓவர்கிளாக் என்றால் என்ன?

புராசஸர் ஒரு நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதுதான் கிளாக் ஸ்பீடு. 3.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 350 கோடி துடிப்பு. கம்பெனி நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி அதை ஓடவைப்பதே ஓவர்கிளாக்.

ஒரு காலத்தில் இது உண்மையிலேயே லாட்டரி அடித்த மாதிரி. 1998-ல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் சிப். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 ஆக மாற்றினால் அது 450-ல் ஓடியது. அதாவது 50 சதவீதம் கூடுதல், பைசா செலவில்லாமல்.

அந்தக் காலம் மலையேறிப் போச்சு. உதாரணத்துக்கு 2022-ல் வந்த ஏஎம்டி ரைசன் 5 5600. இதன் அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ். வேலை வந்தால் தானாகவே 4.4 வரை ஏறும். சூடு எவ்வளவு, கரண்ட் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து நொடிக்குப் பலமுறை தன் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். கையால் எல்லா கோரையும் 4.4-ல் நிறுத்தி வைத்தால், ஒரே கோரில் நடக்கும் வேலைக்கு எந்த லாபமும் இல்லை. சும்மா இருக்கும்போதும் கரண்ட் செலவாகும், அவ்ளோதான்.

எல்லா கம்ப்யூட்டரிலும் முடியுமா?

முடியாது. இன்டெலில் பெயருக்குப் பின்னால் 'கே' எழுத்து இருக்கும் சிப்கள்தான் பொதுவாக ஓவர்கிளாக் செய்யத் திறந்திருக்கும். நம் ஊரில் பலர் வாங்கிய ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் இரண்டும் பூட்டப்பட்டவை. ஏஎம்டி ரைசனில் பெரும்பாலான டெஸ்க்டாப் சிப்கள் திறந்தவை. ஆனால் மதர்போர்டு பி450, பி550 போல இருக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க ஏ520 போர்டு போட்டிருந்தால், ஏஎம்டி கணக்குப்படி அதில் புராசஸர் ஓவர்கிளாக் கிடையாது.

சூடு எங்கிருந்து வருகிறது?

இங்கதான் விஷயமே இருக்கு. புராசஸர் இழுக்கும் பவர், வேகம் கூடும் அளவுக்குத்தான் கூடும். ஆனால் வோல்டேஜ் கூடினால் அதன் வர்க்கத்தின் அளவுக்குக் கூடும். வேகத்தை 5 சதவீதம் ஏற்ற, வோல்டேஜை 10 சதவீதம் ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 1.05 பெருக்கல் 1.1 பெருக்கல் 1.1, கிட்டத்தட்ட 1.27. வேகம் 5 சதவீதம்தான் கூடியது, சூடு 27 சதவீதம் கூடிவிட்டது.

அடுத்தது அறை வெப்பம். எவ்வளவு நல்ல கூலராக இருந்தாலும், சாதாரண ஃபேன் கூலரால் அறையின் வெப்பத்துக்குக் கீழே புராசஸரைக் கொண்டுபோக முடியாது. 22 டிகிரி ஏசி அறையில் ரிவ்யூ செய்பவருக்கு புராசஸர் 70 டிகிரி காட்டினால், வித்தியாசம் 48. அதே செட்டிங்கை அக்னி நட்சத்திர மதியத்தில், ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் போட்டால் 84 வரும். ரைசன் 5 5600-ன் உச்ச வரம்பு 90. அதைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சட்டென்று எரிந்துபோகாது, ஆனால் கஷ்டப்பட்டு ஏற்றிய வேகம் எல்லாம் போச்சு.

அப்போ என்னதான் வழி?

வோல்டேஜை ஏற்றாமல், குறைப்பது. கேட்க தலைகீழாகத் தோன்றும். ஒரே மாடல் சிப்களிலும் சில நன்றாக அமையும், சில சுமாராக அமையும். சுமாரானதும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்பதால், கம்பெனி எல்லாவற்றுக்கும் கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் வைத்து அனுப்பும். அந்த உபரியைக் குறைத்தால் சூடு குறையும். சூடு குறைந்தால், சிப் தன் பாட்டுக்கு அதிக வேகத்தில் அதிக நேரம் நிற்கும்.

ரைசன் 5000 வரிசைக்கு இதற்கான இடம் பயோஸில் 'பிபிஓ' பகுதிக்குள் இருக்கும் 'கர்வ் ஆப்டிமைசர்'. அதில் 'நெகட்டிவ்' தேர்வு செய்து ஓர் எண் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணும் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். வரம்பு 30. எடுத்த எடுப்பில் 30 போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. எல்லா கோருக்கும் 10-ல் தொடங்கி, சில நாள் ஓட்டிப் பார்த்து, ஐந்து ஐந்தாகக் கூட்டலாம். சிப்பின் சிறந்த கோர்கள் ஏற்கெனவே விளிம்பில் ஓடுபவை. அவை அதிகக் குறைப்பைத் தாங்காது, அவற்றுக்கு மட்டும் எண்ணைக் குறைவாக வைக்க வேண்டியிருக்கும். எல்லாம் நிலையான பிறகு ஆசை இருந்தால், பூஸ்ட் வேகத்தை 50 மெகாஹெர்ட்ஸ் கூட்டிப் பார்க்கலாம். 200-க்கு மேல் அது அனுமதிக்காது. கம்பெனி கொடுத்த சின்ன கூலரே இருந்தால் பவர் வரம்பைத் தொடாமல் விடுவது நல்லது.

'ஹேங் ஆகலையே' என்றால் போதுமா?

போதாது. புராசஸருக்கு வோல்டேஜ் பற்றாவிட்டால் முதலில் நடப்பது ப்ளூ ஸ்கிரீன் அல்ல, தப்பான கணக்கு. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் சேமித்த ஃபைலில் எங்கோ ஒரு பிட் மாறியிருக்கும். காலேஜ் புராஜெக்ட், கல்யாண வீடியோ, கடைக் கணக்கு எல்லாம் அதே கம்ப்யூட்டரில் இருப்பவர்கள் பேக்கப் எடுக்காமல் பயோஸைத் திறக்கவே கூடாது.

சோதிக்க 'பிரைம்95' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பிரம்மாண்டமான பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. சரியான விடை அதற்கு முன்பே தெரியும் என்பதால், புராசஸர் தப்பாகக் கணக்குப் போட்டால் உடனே பிடித்துவிடும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. எல்லா கோரும் முழுமூச்சில் ஓடும்போது வேகம் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். கர்வ் ஆப்டிமைசர் பிரச்சினை தெரிவது லேசான வேலையில், ஒரே கோர் உச்ச வேகத்துக்குப் பாயும்போது. அதனால்தான் பிரைம்95-ஐ மூன்று மணி நேரம் தாங்கிய கம்ப்யூட்டர், ராத்திரி பிரவுசரில் ஒரு டேப் திறந்ததும் ரீஸ்டார்ட் ஆகிறது. ஒவ்வொரு கோராகத் தனித்தனியே சோதிக்கும் 'கோர்சைக்ளர்' இதற்கு ஏற்றது. ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'டபிள்யூஎச்இஏ' பிழை ஒன்று வந்தாலும், அந்த கோரின் குறைப்பை ஐந்து எண் தளர்த்த வேண்டும்.

வோல்டேஜை ஏற்றினால் என்ன ஆகும்?

கண்ணுக்குத் தெரியாமல் சிப் தேயும். 2024-ல் இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பல கிராஷ் ஆவது பெரிய பிரச்சினையாக வெடித்தது. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதே காரணம் என்று இன்டெலே சொன்னது. ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே பாதித்த சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. இது ஓவர்கிளாக் செய்ததால் வந்ததுகூட இல்லை. ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு ஏஎம்டி வாரன்டி செல்லாது. பயோஸில் பிபிஓவைத் திறக்கும்போதே அந்த எச்சரிக்கை வரும், பலர் படிக்காமலே 'ஏற்கிறேன்' அழுத்திவிடுவார்கள்.

இதற்கு முன்பு பார்க்க வேண்டியவை

3200 என்று எழுதிய ரேம், பயோஸில் எக்ஸ்எம்பி ஆன் செய்யாததால் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கலாம். ஒற்றை ரேம் மட்டும் போட்டிருந்தால் இன்னொன்று போடுவதே பெரிய மாற்றம். கேபினட்டில் தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் மூன்றையும் சரிசெய்யாமல் கர்வ் ஆப்டிமைசர் பக்கம் போவதில் பலன் இல்லை.

செட்டிங் மாற்றியபின் திரையே வரவில்லை என்றால் பதற வேண்டாம். பவர் கேபிளைக் கழற்றி, மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரியைச் சில நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் பயோஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இன்னொன்று, மார்கழியில் சோதித்து 'ஓகே' ஆன செட்டிங்கை மே மாதம் மறுபடி ஒரு ராத்திரி ஓட்டிப் பார்க்க வேண்டும். சிப் சூடாக இருக்கும்போது அதே வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் கேட்கும்.