தேன்சிட்டின் குலமும் தொழிலும்

செம்பருத்திப் பூவினுள் அலகை நுழைத்துத் தேன் பருகும் அரைச் சாண் நீளப் பறவையை நம் அங்கத்தினர்கள் யாவரும் கண்டிருப்பர். அதுவே ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோட்டங்களில் வாழ்வது. ஆணுக்குச் செம்பழுப்பு முதுகும், ஒளிரும் பச்சை உச்சியும், ஊதாக் கழுத்தும், மஞ்சள் வயிறும் உண்டு. பெண்ணோ மங்கிய பழுப்பு மேனியும் மஞ்சள் மார்பும் உடையது. இரண்டையும் வெவ்வேறு பறவைகள் என எண்ணுவோரும் உளர்.

தோற்றத்தைக் கொண்டு குலத்தைத் துணிவது அறிஞர்க்கும் கடினமே. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1766-ஆம் ஆண்டில் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். மெல்லிய வளைந்த அலகைக் கொண்டு, மரத்தண்டில் தொற்றிப் பூச்சி பொறுக்கும் பறவைகளுக்குரிய ‘செர்த்தியா’ பேரினத்தில் இதைச் சேர்த்தார். இலங்கையைக் குறிக்கும் ‘ஸெய்லோனிகா’ என்பதைச் சிற்றினப் பெயராக்கினார். பின்வந்தோர் தேன்சிட்டுகளுக்குத் தனிக் குடும்பம் வகுத்தனர். இப்பறவை நெடுங்காலம் ‘நெக்டாரினியா’ பேரினத்தில் இருந்து, இன்று ‘லெப்டோகோமா’வில் வைக்கப்பட்டுள்ளது. பேரினம் மாறினும் ‘ஸெய்லோனிகா’ மாறவில்லை. முதலில் இட்ட சிற்றினப் பெயரே நிலைக்கும் என்பது விதி.

அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ரீங்காரச்சிட்டும் தேனுண்பதே. எனினும் அது உழவாரன் குருவிக்கு உறவு; நம் தேன்சிட்டுக்கு உறவு பூங்கொத்திப் பறவை. ஒரே தொழில் இருவேறு குலங்களுக்கும் ஒத்த அலகை அளித்தது. சாயத்தைக் கண்டு நூலின் நம்பரைக் கூற இயலாது என்பதை நெசவாளர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இதன் கூடும் நெசவாளர் வியக்கத் தக்கது. மெல்லிய நார்களைச் சிலந்தி நூலால் பிணைத்துத் தொங்கும் பைபோல் அமைத்து, உள்ளே எருக்கம்பஞ்சு போன்ற மெத்தென்ற இழைகளைப் பரப்புகிறது.

விவசாயிக்கு இதனால் பயன் யாது? நெற்றியில் ஒட்டிய மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டு செல்கிறது. குஞ்சுகளுக்குப் பூச்சிகளை ஊட்டுகிறது. நீண்ட குழல் பூக்களின் அடியைத் துளைத்துத் தேனைத் திருடுவதும் உண்டு; அப்பொழுது மகரந்தம் சேராது. எனினும் கணக்கில் பற்றினும் வரவே மிகுதி.

ஆகவே, பூ மலர்ந்துள்ள நாட்களில் பூச்சிமருந்து தெளிப்பதைக் கூடியவரை தவிர்ப்பீர்களாக. கிளை கழிக்குமுன் தொங்கும் கூடு உண்டா எனப் பார்ப்பதும் நலம். கூலி கேளாது உழைக்கும் இச்சிற்றுயிர் நம் தோட்டங்களில் நிலைத்திருக்க இவ்விரண்டும் உதவும்.