வலுவான கியர்பாக்ஸ் மட்டும் போதுமா?

1987 முதல் 1992 வரை அமெரிக்காவில் விற்பனையான ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. காரின் 5 லிட்டர் வி8 இன்ஜின், 407 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரக்கூடியது. அதன் பின்னால் பொருத்தப்பட்ட போர்க்வார்னர் ‘டி5’ என்ற ஐந்து வேக கியர்பாக்ஸோ, 1989 வரை 359 நியூட்டன் மீட்டருக்குத்தான் மதிப்பிடப்பட்டிருந்தது. 1990 மாடலில்தான் அந்த மதிப்பு 407-ஐ எட்டியது. அதாவது, கார் ஷோரூமை விட்டு வெளியே வரும்போதே கியர்பாக்ஸிடம் கைவசம் உபரி வலு எதுவும் இல்லை.

டி5 மோசமான பெட்டி அல்ல. சுமார் 34 கிலோ எடைதான். கியர் மாற்றுவதும் இலகு. சாலையில் ஓட்டுபவருக்கு அது போதும். ஆனால், இன்ஜினின் திறனைக் கூட்டும் சூப்பர்சார்ஜர் பொருத்தி, ரேஸ் டயர் மாட்டி ஓட்டத் தொடங்கினால் அதன் பற்கள் முறிகின்றன. அதனால்தான் பழைய மஸ்டாங் வைத்திருப்பவர்களிடையே கியர்பாக்ஸ் மாற்றுவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது.

பல் ஏன் முறிகிறது?

இன்ஜினின் சுழற்சி, கியர்பாக்ஸுக்குள் ஒரு ஷாஃப்ட்டிலிருந்து அதற்கு இணையான இன்னொரு ஷாஃப்ட்டுக்குப் பற்சக்கரங்கள் வழியே கைமாறுகிறது. முறுக்குவிசையைப் பற்சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால், பல்லின் மேல் விழும் விசை கிடைக்கும். சக்கரம் சிறியதாக இருந்தால் விசை பெரிது.

இந்த விசை பல்லை வளைப்பதோடு நிற்பதில்லை. இரண்டு ஷாஃப்ட்டுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளுகிறது. சத்தம் குறைய வேண்டும் என்பதற்காகப் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், நீளவாக்கிலும் ஒரு தள்ளல் உண்டு. ஷாஃப்ட் மெல்ல வளைகிறது. அலுமினிய உறையும் சற்றே விரிகிறது. அப்போது முழு அகலத்திலும் தொட்டுக்கொண்டிருந்த பற்கள் ஓரத்தில் மட்டும் தொடுகின்றன. மொத்தச் சுமையும் அந்த ஓரத்தில் குவிய, பல்லின் வேரில் விரிசல் விழுகிறது.

நான்காவது கியரில் இந்தத் தொல்லை இல்லை. அதில் உள்வரும் ஷாஃப்ட்டும் வெளிச்செல்லும் ஷாஃப்ட்டும் நேராகப் பூட்டிக்கொள்வதால், பற்களின் மேல் சுமை ஏறுவதில்லை. எனவே உடைப்பு பெரும்பாலும் கீழ் கியர்களில்தான்.

இதில் டயருக்கும் பங்குண்டு. கிளட்ச்சைச் சட்டென்று விடும்போது, இன்ஜினோடு வேகமாகச் சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஒரே அடியாகப் பாய்கிறது. சாதாரண டயர் வழுக்கி அந்த அடியை வாங்கிக்கொள்ளும். சாலையை இறுகப் பிடிக்கும் ரேஸ் டயர் வழுக்காது. அடி முழுவதும் பற்களின் மேல் இறங்கும். ஒரே இன்ஜின், ஒரே கியர்பாக்ஸ் கொண்ட இரண்டு கார்களில் ஒன்று பல ஆண்டுகள் ஓடுவதும் மற்றொன்று சீக்கிரம் உடைவதும் இதனால்தான்.

பெரிய பெட்டி எப்படித் தாங்குகிறது?

வலுவின் ரகசியம், ஷாஃப்ட்டுகளுக்கு இடையிலான தூரத்தில் இருக்கிறது. டி5-ல் அது 77 மி.மீ. 1992-ல் டாட்ஜ் வைப்பர் காரில் அறிமுகமான ஆறு வேக ‘டி56’ பெட்டியில் 85 மி.மீ. வித்தியாசம் வெறும் 8 மி.மீ.தான். ஆனால், தூரம் கூடினால் தடித்த ஷாஃப்ட்டை வைக்கலாம்; ஷாஃப்ட்டின் முறுக்கு வலிமை அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. விட்டம் 10 சதவீதம் கூடினால் வலிமை 33 சதவீதம் கூடும். இடம் கிடைத்ததால் பற்களையும் பெரிதாகவும் அகலமாகவும் வெட்ட முடிகிறது.

ஃபோர்டு நிறுவனமே பெரிய பெட்டிக்கு மாறியது. 1995-ல் 250 கார்கள் மட்டுமே தயாரான மஸ்டாங் கோப்ரா ஆர், 5.8 லிட்டர் இன்ஜினில் 495 நியூட்டன் மீட்டர் தந்தது. அதற்கு டி5-ஐ விட்டுவிட்டு, மெக்சிகோவின் டிரெமெக் நிறுவனத்தின் ‘3550’ பெட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே வழியில் வந்த ‘டிகேஓ 600’, 813 நியூட்டன் மீட்டருக்கு மதிப்பிடப்பட்டது. பழைய கார்களின் குறுகலான அடிப்பகுதிக்குள் எளிதாக நுழையும் உருவத்தில் ‘டிகேஎக்ஸ்’ 2020-ல் வந்தது.

இதற்கு விலையும் உண்டு. பெட்டி டி5-ஐவிடப் பத்து கிலோவுக்கு மேல் கூடுதலாகக் கனக்கிறது. கனமான பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யச் சற்று நேரம் பிடிப்பதால், கியர் மாற்றும்போது டி5-ன் இலகு இருக்காது.

பொருத்துவதில்தான் உயிர்

போல்ட்டைக் கழற்றி மாட்டுவதோடு வேலை முடியாது. டி5-ன் உள்வரும் ஷாஃப்ட்டில் 10 வரிப்பள்ளங்கள், டிகேஓ-வில் 26. எனவே கிளட்ச் தட்டை மாற்ற வேண்டும். வெளிச்செல்லும் முனையில் 28 வரிகள் 31 ஆகின்றன. ஆகவே புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன்முனையும் மாற வேண்டும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் ஸ்பீடோமீட்டர் இணைப்பையும் சரிபார்க்க வேண்டும்.

பலர் தவறவிடுவது நடு அச்சை. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் மையத் துளை, கிராங்க்ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து 0.127 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஃப்ளைவீலில் டயல் கேஜ் என்ற அளவுகருவியைப் பொருத்தி ஒரு சுற்றுச் சுற்றினால் விலகல் தெரிந்துவிடும். கேஜ் காட்டும் மொத்த அளவில் பாதிதான் உண்மையான விலகல். பெல் ஹவுசிங்கை நிலைநிறுத்தும் ஊசிகளுக்குப் பதிலாக மையம் தள்ளிய ஊசிகளைப் பொருத்தி அதைத் திருத்தலாம். திருத்தாவிட்டால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். கியர் இறுகும், பேரிங் தேயும், பழி புதிய கியர்பாக்ஸின் மேல் விழும்.

கோணமும் முக்கியம். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள யூ-ஜாயின்ட் கோணங்கள் சமமாக இல்லையென்றால், ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 100 அதிர்வுகள்.

அடுத்து உடைவது எது?

ஒரு பாகத்தை வலுவாக்கினால் உடைப்பு அடுத்த பாகத்துக்கு நகரும். கியர்பாக்ஸ் தாங்கிவிட்டால், சுமை பின் ஆக்ஸிலுக்குப் போகும். இங்கே கியர் விகிதம் கைகொடுக்கிறது. டி5-ன் முதல் கியர் விகிதம் 3.35; டிகேஓ 600-ல் 2.87. பின் ஆக்ஸில் விகிதம் 3.73 என்று கொண்டால், 407 நியூட்டன் மீட்டர் இன்ஜின் முதல் கியரில் ஆக்ஸிலுக்குத் தரும் முறுக்குவிசை சுமார் 5,090-லிருந்து 4,360 ஆகக் குறைகிறது. புறப்படும் வேகம் சற்றுக் குறைந்தாலும், ஆக்ஸில் பிழைக்கும்.

தொழிற்சாலை இன்ஜினும் சாதாரண டயரும் இருந்தால், நல்ல நிலையில் உள்ள டி5-ஐ மாற்றத் தேவையே இல்லை. இன்ஜினின் திறனைக் கூட்டியவர்கள் குதிரைத்திறனைப் பார்க்காமல், முறுக்குவிசை, காரின் எடை, டயரின் பிடி ஆகிய மூன்றையும் வைத்துப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கிளட்ச், யூ-ஜாயின்ட், டயல் கேஜ் ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள். சரியாக அளந்து பொருத்தாத கியர்பாக்ஸ், எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் நீடிக்காது.