லேப்டாப் சூடாகி அணைஞ்சிடுதா? முதல்ல பஞ்சைப் பாருங்க!

குமாரலிங்கபுரத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அண்ணா, மதியம் ஆனா லேப்டாப் பொசுக்குனு அணைஞ்சிடுது. மதர்போர்டு மாத்தணும்னு கடையில சொல்றாங்க. அவ்வளவு காசுக்கு எங்க போறது?"

கொஞ்சம் பொறுங்க. பல இன்டெல் ப்ராசஸர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதைத் தொட்டா வேகத்தைக் குறைச்சுக்கும். அப்பவும் சூடு அடங்கலைன்னா, கருகிடாம இருக்க தானே அணைஞ்சிடும். அது தற்காப்பு.

சரி, சூடு ஏன் வெளியேறல? அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் புழுதியும் உண்டு, நூற்பாலையும் தறியும் உண்டு. தூசியும் பஞ்சும் உள்ள போய், ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவுல மெத்தை மாதிரி படிஞ்சிடும். ஃபேன் சத்தமா சுத்துது, ஆனா காத்து வெளியேறுற இடத்துல கை வச்சா ஒண்ணும் வரலையா? நான் முதல்ல சந்தேகப்படுறது இதைத்தான்.

லேப்டாப்பை அணைச்சு, சார்ஜரைக் கழட்டி, பின்மூடியைத் திறங்க. பேட்டரி உப்பியிருந்தா அங்கேயே நிறுத்திட்டு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போங்க. இல்லைன்னா பேட்டரி இணைப்பை எடுத்துட்டு, ஃபேன் இறக்கை சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு, மெல்லிசான பிரஷ்ஷால பஞ்சை எடுங்க. வெளியில இருந்து ப்ளோயர் அடிச்சா அந்த மெத்தை பெரும்பாலும் உள்ளேயேதான் கிடக்கும்.

சூடு இன்னும் குறையலையா? தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்கலாம். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால பழசைத் துடைச்சு, பட்டாணி அளவு புதுசு வைங்க. கட்டில் மெத்தை மேல லேப்டாப்பை வைக்காதீங்க, அடியில காத்து வழி அடைபடும்.

இவ்வளவும் பண்ணிப் பார்த்த பிறகும் அணைஞ்சா, அப்போ மதர்போர்டைப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும் முக்கியமான ஃபைல்களை பென்டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வச்சுக்கங்க.