அண்டை நிறத்தின் ஆற்றல்

கடையில் கண்ணைப் பறித்த துணியொன்று, வீட்டில் வேறொரு துணியுடன் சேர்த்து வைத்ததும் மங்கித் தோன்றுவதுண்டு. உடனே நாம் சாயத்தைக் குறை கூறுகின்றோம். ஆனால் மாறியது சாயமன்று. அதன் அண்டை நிறமே. இவ்வுண்மையைத் தெளிவாக ஆராய்ந்து விளக்கியவர் பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் ஆவார்.

பாரிஸ் நகரின் கோபெலான் நெசவாலை, சித்திரத் திரைச்சீலைகளுக்குப் புகழ் பெற்றது. அதன் சாயப் பிரிவுக்கு 1824-ஆம் ஆண்டில் ஷெவ்ரல் தலைமை ஏற்றார். அங்கே தோய்க்கப்பட்ட கறுப்பு நூலில் அழுத்தம் இல்லை என்றொரு முறையீடு எழுந்தது. பழி சாயத் தொழிலாளர்மேல் விழுந்தது. ஷெவ்ரல் அவசரப்படவில்லை. பெயர் பெற்ற பிற சாயச்சாலைகளின் கறுப்புக் கம்பளி நூலை வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கோபெலான் கறுப்பில் குறை ஏதும் இல்லை! நீலம், ஊதா நிற நூல்களின் அருகில் நெய்யப்பட்டதால்தான் அது வெளிறித் தோன்றியது.

இதன் காரணம் யாது? ஒரு நிறத்தைக் காணும் கண், அதன் எதிர் நிறத்தின் சாயலைப் பக்கத்து நிறத்தின்மேல் ஏற்றிக் காண்கின்றது. சிவப்புக்குப் பச்சையும், நீலத்துக்கு ஆரஞ்சும், ஊதாவுக்கு மஞ்சளும் எதிர் நிறங்களாம். ஆகவே நீலமும் ஊதாவும் கறுப்பின்மேல் ஆரஞ்சு, மஞ்சள் சாயலைப் படரவிட்டு, அதன் அழுத்தத்தைக் குறைத்துவிட்டன. இவ்விதியை விளக்கும் பெருநூலை அவர் 1839-இல் வெளியிட்டார்.

தோழியரே, இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சாம்பல் நிறத் துணியில் ஒரே அளவான இரு சிறு சதுரங்களை வெட்டுங்கள். ஒன்றைச் சிவப்புத் துணியின் நடுவிலும், மற்றொன்றைப் பச்சைத் துணியின் நடுவிலும் வையுங்கள். முன்னது சற்றே பச்சையாகவும், பின்னது சற்றே சிவப்பாகவும் தோன்றும்.

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்போருக்கு இவ்விதி பெருந்துணையாகும். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆமிஷ் சமயப் பெண்கள், பூவேலை இல்லாத வெற்றுத் துணிகளைக் கொண்டே போர்வை தைத்தனர். கறுப்புத் துணியின் பக்கத்தில் அவர்கள் வைத்த சிவப்பும் நீலமும் விளக்கேற்றியதுபோல் ஒளிர்ந்தன.

துண்டின் அளவையும் நாம் கருத வேண்டும். சிவப்பும் பச்சையும் பெரிய துண்டுகளாக அருகருகே அமைந்தால் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். அவையே மெல்லிய இழைகளாகக் கலந்தால், தொலைவில் மங்கிய பழுப்பாகிவிடும். நம் பட்டு நெசவாளர் பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் இட்டு, மயில் கழுத்து நிறத்தை உருவாக்குவதும் இழைகளின் கூட்டுறவால் அன்றோ!

எனவே தைக்குமுன் துண்டுகளைத் தரையில் பரப்புங்கள். சில அடி தள்ளி நின்று, கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். எது எடுப்பாக நிற்கிறது, எது அடுத்ததில் மறைகிறது என்பது விளங்கும். மங்கிய துண்டை எறிந்துவிடாமல் அதன் இடத்தை மாற்றிப் பாருங்கள். அதுவே போர்வைக்கு அழகு சேர்க்கக்கூடும்.

அண்டை நிறங்களையும் ஆராய்ந்த ஒருவரால் சாயத் தொழிலாளரின் பழி நீங்கியது. துணியாயினும் மனிதராயினும், தீர்ப்பிடுமுன் சூழலையும் நோக்குவது நன்று.